டாட் பெம் ஃபைல மெயில்ல அனுப்பலாமா?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்துல எங்க கோயில் வெப்சைட்ட நான்தான் பாத்துக்கறேன். ஹோஸ்டிங்காரங்க சைட்டோட பாதுகாப்புக்குன்னு ரெண்டு டாட் பெம் (.pem) ஃபைல் மெயில் பண்ணிருக்காங்க. இனிமே பாத்துக்கப்போற தம்பிக்கு அத அப்படியே ஃபார்வர்ட் பண்ணலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்க அக்கா. மொதல்ல ரெண்டையும் நோட்பேட்ல திறங்க. அஞ்சு கோடு போட்டு 'பிகின் சர்டிஃபிகேட்'னு இருந்தா பயமே இல்ல, அது உங்க சைட்டோட அடையாளச் சான்று, சைட்டுக்கு வர்ற ஒவ்வொரு பிரவுசருக்கும் அது போயிட்டுதான் இருக்கு. ஆனா 'பிரைவேட் கீ'னு எங்கயாவது கண்ணுல பட்டா அது சைட்டோட ரகசிய சாவி, மூலஸ்தானத்து சாவி மாதிரி, அனுப்பவே அனுப்பாதீங்க. சில சமயம் ஒரே ஃபைல்ல ரெண்டையும் ஒண்ணுகீழ ஒண்ணா வச்சிருப்பாங்க, அதனால கடைசி வரி வரைக்கும் பாத்துடுங்க.

இதுல எனக்கு மனசு கஷ்டமா இருக்கறது என்னன்னா, பெம்ங்கற பேரே மெயில பாதுகாக்க வந்த பேரு. பிரைவசி என்ஹான்ஸ்டு மெயில், 1987ல மொத வரைவு, 1993 பிப்ரவரில ஆர்எஃப்சிங்கற இன்டர்நெட் விதிமுறை வரிசைல 1421லேருந்து 1424 வரைக்கும் நாலு டாக்குமெண்ட். லெட்டர டிஇஎஸ்ங்கற பூட்டு முறைல ஒரு சாவியால பூட்டி, அந்த சாவிய வாங்கறவரோட ஆர்எஸ்ஏ பப்ளிக் கீயால, அதாவது எல்லாருக்கும் குடுக்கற பொதுச் சாவியால, இன்னொரு தடவ பூட்டி அனுப்பணும். அப்பல்லாம் மெயில்ல சாதா எழுத்துதான் போகும், அதனால மூணு பைட்ட நாலு எழுத்தாக்கி வரிக்கு 64 எழுத்துன்னு அடுக்கினாங்க, நீங்க நோட்பேட்ல பாக்கற அந்த புரியாத வரிங்க அந்த அடுக்குதான். யார் சாவி யாருதுன்னு சொல்ல உலகத்துக்கே ஒரே தலைமை, அதுக்கு கீழ படிப்படியா ஆளுங்கன்னு வச்சாங்க, அதுலதான் படுத்துச்சுன்னு நான் நெனைக்கிறேன், அவ்வளவு பேர் ஒரே குடைக்குள்ள எங்க வருவாங்க? 1991ல ஃபில் ஜிம்மர்மேன் விட்ட, மெயில பூட்டற சாஃப்ட்வேரான பிஜிபில 'இவர எனக்குத் தெரியும்'னு தெரிஞ்சவங்களே கையெழுத்து போட்டா போதும், நம்ம வீட்டு கல்யாணத்துக்கு விசாரிக்கற மாதிரி. பெம் மெயில் முறை வழக்கொழிஞ்சு போச்சு, அந்த ஃபைல் வடிவம் மட்டும் சர்டிஃபிகேட்டுக்கும் கீக்கும் தங்கிருச்சு.

உங்க விஷயத்துக்கு வர்றேன். பிரைவேட் கீ மெயில்லயே வந்திருந்தா அது வெளிய போயிருச்சுன்னே வச்சுக்கங்க. புது கீ போட்டு புது சர்டிஃபிகேட் வாங்கிட்டு பழைய சர்டிஃபிகேட்ட கேன்சல் பண்ணச் சொல்லுங்க, புது கீ சர்வர்லயே உருவாகட்டும், மெயில் பக்கம் வரவே வேணாம். தம்பிக்கு ஃபைலே தேவையில்ல, ஹோஸ்டிங்ல அவர் பேர்ல தனி லாகின் போட்டுக் குடுத்தா போதும். பிஜிபில அனுப்பினாலும் சப்ஜெக்ட் வரி பெரும்பாலும் பூட்டாமதான் போகும், அதுல பாஸ்வேர்ட் எழுதிடாதீங்க அக்கா.