மலைப்பாதையில் பெட்ரோல் லாரி: கேள்விகளும் பதில்களும்

தீயணைப்புத் துறையில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அதில் பெரும்பகுதி நீலகிரியில் கழிந்தது. மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் ஏறும் எரிபொருள் லாரிகளைப் பற்றி நீங்கள் எழுதி அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

பர்லியாறு பழக்கடைக்காரர்: ஐயா, என் கடைக்கு எதிரே டேங்கர் லாரிகளை நிறுத்தி ஓட்டுநர்கள் டீ குடிக்கிறார்கள். ஒரு லாரி கவிழ்ந்தால் நாங்கள் எந்தப் பக்கம் ஓடுவது?

மேலே. இன்று நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது இந்த ஒரு சொல்தான். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. சமையல் எரிவாயுவும் காற்றைவிட ஒன்றரை மடங்குக்குக் குறையாத கனம். கோவையிலோ ஈரோட்டிலோ என்றால் அது தரையோடு பரவும். நம் ஊரில் தண்ணீரைப் போல ஓடையைத் தேடி இறங்கும். கண்ணுக்குத் தெரியாமல் இறங்கிப் போய், முந்நூறு அடிக்குக் கீழே ஒரு வீட்டு அடுப்பைத் தொட்டுப் பற்றிக்கொண்டு, வந்த வழியே லாரிக்குத் திரும்பும். ஓடும்போது சரிவில் இறங்கத்தான் கால் போகும், போகக் கூடாது. காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்து, அந்தப் பக்கமாக மேல் வளைவுக்கு ஏறுங்கள். கிளம்புவதற்கு முன் கடை அடுப்பை அணைத்துவிடுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் மரப்பாலத்துக்கு மேலே ஒரு வளைவில் பெட்ரோல் லாரி சாய்ந்து கிடந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் குடமும் கேனுமாக நாற்பது பேர் கூடிவிட்டார்கள். ஒரு பெண் எவர்சில்வர் குடத்தைத் தார்ச்சாலையில் உரசி உரசி மொண்டுகொண்டிருந்தார். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. அந்த உரசலில் ஒரு பொறி பறந்திருந்தால் போதும். குடத்தைப் பிடுங்கியதற்கு அவர் கணவர் என் சட்டையைப் பிடித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்தக் குடம் அவர்களுக்கு ஒரு வாரச் செலவு. அன்று நாற்பது பேரும் பிழைத்தார்கள். அதற்கு எங்கள் திறமை காரணமில்லை.

காட்டேரி, கல்லூரி மாணவி: டீசல் லாரியும் அவ்வளவு ஆபத்தா?

பெட்ரோல் அளவுக்கு இல்லை. பெட்ரோல் குளிர்காலத்து ஊட்டியிலும் ஆவியாகிப் பற்றும். டீசல் சூடானால்தான் பற்றும். ஆனால் உடைந்த லாரியில் சூடான இன்ஜின் பக்கத்திலேயே இருக்கிறதே. ஒரே டேங்கரில் ஓர் அறையில் பெட்ரோலும் அடுத்த அறையில் டீசலும் வருவதும் உண்டு. அதனால் எந்த லாரியானாலும் மேலே ஏறுங்கள்.

குன்னூர், ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்: இத்தனை லாரிகள் எதற்கு? மலை ரயிலில் எண்ணெய் வேகன் சேர்த்தால் சாலை தப்பிக்குமே?

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால்தான் விரிவாக மறுக்கிறேன்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் லாக்-மெகான்டிக் என்று ஒரு சிற்றூர். 2013 ஜூலை 5 இரவு, 72 கச்சா எண்ணெய் வேகன்கள் கொண்ட ரயிலை ஊருக்கு மேலே ஒரு சரிவில் நிறுத்திவிட்டு அதன் ஒரே ஓட்டுநர் தூங்கப் போனார். முன் இன்ஜினில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் அணைத்தார்கள், இன்ஜினும் நிறுத்தப்பட்டது. இன்ஜின் நின்றதால் ஏர் பிரேக்கில் காற்று மெல்லக் கசிந்து இறங்கியது. கைப்பிரேக் போட்டிருந்தது ஏழே வண்டிகளில். நள்ளிரவுக்குப் பின் ரயில் தானாக உருண்டு, சுமார் 11 கிலோமீட்டர் இறங்கி, நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஊர் நடுவே தடம் புரண்டது. 47 பேர் இறந்தார்கள். அங்கே சரிவு நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றுதான். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே நம் பாதையில் நூற்றுக்கு எட்டு.

அவரே மீண்டும்: ஐயா, ஒப்பீடு தவறு. எங்களுடையது பல்சக்கரப் பாதை, நடுவே உள்ள பல் தண்டவாளத்தை இன்ஜினின் பல்சக்கரம் கவ்விக்கொண்டே ஏறி இறங்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். 1899 முதல் ஓடுகிறது. உங்கள் லாரியில் இருப்பது ஓர் ஓட்டுநரும் ஒரு பிரேக் மிதியும்தான்.

ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கனடா ரயிலில் பெட்டிக்கு ஓர் ஆள் நின்றிருந்தால் அந்த ஊர் பிழைத்திருக்கும். நம் பிரேக்ஸ்மேன்களை நான் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். ஏறும்போது இன்ஜின் எங்கே இருக்கிறது? பெட்டிகளுக்குக் கீழே, பின்னாலிருந்து தள்ளுகிறது. அது நீராவி இன்ஜின், வயிற்றில் நெருப்பு. மேலே உள்ள வேகனில் ஒரு வால்வு கசிந்தால் ஆவி எந்தப் பக்கம் போகும்? முதல் பதிலிலேயே சொன்னேன்.

அவரே மூன்றாம் முறை: டீசல் மட்டும் ஏற்றலாமே? தனி வண்டியாக, பயணிகள் இல்லாமல்?

டீசல் என்றால் என் எதிர்ப்பு பாதியாகக் குறையும். முழுதாகப் போகாது. 2025 ஜூலையில் திருவள்ளூர் அருகே தடம் புரண்டு மணிக்கணக்கில் எரிந்தது டீசல் ரயில்தான். அது சமவெளி, நாலா பக்கமிருந்தும் வண்டிகள் வந்து அணைத்தன. நம் மலை ரயில் பாதையில் அடர்லி, ஹில்குரோவ் நிலையங்களுக்கு நடுவே தீப்பிடித்தால் என் வண்டி எந்த வழியாக வரும்? சாலையே இல்லை. மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூடும் நாட்களில் எப்படியும் லாரிதான் ஓட வேண்டும். உங்களோடு இதை ஒரு நாள் குன்னூர் நிலையத்தில் உட்கார்ந்து பேச ஆசை. மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

வெலிங்டன், இல்லத்தரசி: இரவில் மட்டும் டேங்கர்களை விட்டால் என்ன?

இரவில் பனிமூட்டம், கல்லாறு–பர்லியாறு இடையே யானை, ஓட்டுநருக்குத் தூக்கம். வேண்டாம் அம்மா. விடியற்காலையில் சுற்றுலா வண்டிகள் ஏறுவதற்கு முன் ஏற்றிவிடுவது நல்லது. அதைவிட முக்கியம், லாரி இறங்கும்போது இரண்டாம் கியரைவிட்டு மாறக் கூடாது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறி, கடைசி வளைவுகளில் பிடிக்காது. காலி டேங்கர்தானே என்ற அலட்சியமும் கூடாது. காலி டேங்கருக்குள் நிறைந்திருப்பது ஆவி.

அருவங்காடு, எடப்பள்ளி, கேத்தியிலிருந்து மூவர்: தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றலாமா?

பெட்ரோல் தீயில் ஊற்றாதீர்கள். பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து, எரிந்துகொண்டே உங்கள் தெருவுக்கு இறங்கும். அதற்குத் தீயணைப்பு நுரைதான். எரிவாயுக் கசிவு வேறு. 2025 ஜனவரி 3 அன்று கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் எரிவாயு டேங்கர் கவிழ்ந்தபோது, தண்ணீரைப் பீய்ச்சியடித்தே வாயுவைக் கலைத்தார்கள், பக்கத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அது பயிற்சி பெற்றவர்களின் வேலை. உங்கள் வேலை 101 அல்லது 112 என்ற எண்ணை அழைப்பது, அதுவும் மேல் வளைவுக்கு ஏறிய பிறகு.

கோத்தகிரி வாசகர்: சிலிண்டர் பதிவு செய்து பன்னிரண்டு நாளாகிறது…

ஏஜென்சியில் கேளுங்கள். வீட்டில் எரிவாயுக் கசிவு என்றால் மட்டும் 1906 என்ற எண்ணை அழையுங்கள்.

மேலும் நான்கு பேர்: கொட்டிப் போகிற பெட்ரோல்தானே, கொஞ்சம் பிடித்துக்கொண்டால் என்ன தவறு?

நால்வரும் முதல் பதிலைப் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். படியுங்கள். பிள்ளைகளிடம் கேன் கொடுத்து அனுப்பும் வழக்கம் சில வளைவுகளில் இன்னும் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். தயவுசெய்து நிறுத்துங்கள்.

மேட்டுப்பாளையம், பள்ளி ஆசிரியை: லாரிக்குள் என்ன இருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். மாணவர்களுக்கு அவசியம் சொல்லிக்கொடுங்கள். இரு பக்கமும் பின்னாலும் ஒரு பலகை இருக்க வேண்டும், அதில் நான்கு இலக்க எண். 1203 பெட்ரோல், 1202 டீசல், 1075 சமையல் எரிவாயு. போனில் அழைக்கும்போது அந்த எண்ணைச் சொன்னால், வண்டி கிளம்பும் முன்பே எங்கள் ஆட்கள் நுரையா தண்ணீரா என்று முடிவு செய்துவிடுவார்கள். எண்ணைப் படிப்பதற்காக யாரும் கிட்டே போகக் கூடாது. உங்கள் ஊருக்கு இன்னொன்றும் உண்டு: குன்னூர் ஆறு பவானியில்தான் சேர்கிறது. மேலே டேங்கர் கவிழ்ந்த செய்தி வந்தால், ஆற்றிலிருந்து குடிநீர் எடுப்பவர்களுக்கு அன்றே தகவல் போக வேண்டும்.

பர்லியாறு பழக்கடைக்காரர், மறுபடியும்: ஐயா, நேற்று நின்ற லாரியில் அந்தப் பலகை அழுக்கேறி, எண்ணே தெரியவில்லை.

வண்டி எண், நாள், நேரம் குறித்துக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதுங்கள். கடிதத்தின் நகலை எனக்கும் அனுப்புங்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால் நானே உங்களோடு வருகிறேன்.