அடங்கின புகை, காய்ஞ்ச மரம்: சென்ற் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, புகை மணக்கிற சென்ற் எண்டால் சாம்பிராணி வாசம்தானே?

பதில்: இல்லைத் தம்பி. சாம்பிராணி பிசின், அதிலை வனிலா மாதிரி ஒரு இனிப்பு நிக்கும். விறகுப் புகையின்ரை மணம் குவாயகோல் போன்ற பீனோல்கள் எண்ட வேதிப்பொருளுகளாலை வாறது. மரத்திலை இருக்கிற லிக்னின் எரிஞ்சு உடையேக்கை அது பிறக்கும். பனைமட்டை எரிச்ச அடுப்படியிலை அடுத்தநாள் காலமை மிஞ்சி நிக்கிற மணம்தான் எங்களுக்கு வேணும். எரியேக்கை கண்ணைக் கரிக்கிற புகை இல்லை.

கேள்வி: வீட்டிலை கலக்க அளவு சொல்லுங்கோ.

பதில்: 10 கிராம் கலவைக்கு வேர்ஜீனியா சீடர் மர எண்ணெய் 3.5, ஐசோ ஈ சுப்பர் (மர மணம் தாற செயற்கை வாசனைப் பொருள்) 3.5, வெட்டிவேர் எண்ணெய் 1, குவாயாக் மர எண்ணெய் 1, பாதிக்குப் பாதி கரைச்ச சாம்பிராணி 0.5, பேர்ச் தார் (பேர்ச் மரத்திலை இருந்து எடுக்கிற, புகை மணக்கிற தார்) 10 சதவீதக் கரைசல் 0.5. அதாவது தார் வெறும் 0.05 கிராம்தான். சுத்திகரிச்ச தாரை மட்டும் வாங்குங்கோ; பச்சைத் தாரிலை புற்றுநோய் தரக்கூடிய சேர்வைகள் இருக்கு.

துளிக் கணக்கு வேண்டாம். வெட்டிவேர் எண்ணெய் தடிப்பு, அதின்ரை துளியும் சீடர்த் துளியும் ஒரே நிறை இல்லை. 0.01 கிராம் காட்டுற தராசு எடுங்கோ. குவாயாக் எங்கடை வெயிலிலையும் கட்டியாய்த்தான் கிடக்கும். போத்தலைச் சுடுதண்ணியிலை வைச்சு உருக்கிப்போட்டு நிறுங்கோ. பிறகு 95 சதவீத எதனோல் 57 கிராம் விட்டு, இருட்டிலை நாலு கிழமை வையுங்கோ. சேர்ஜிக்கல் ஸ்பிரிட் சரிவராது.

வெட்டிவேர் ஜாவாவிலை இருந்து வந்ததெண்டால் அதிலையே புகை இருக்கு, தாரைப் பாதியாக்குங்கோ. ஹெயிட்டி வேர் எண்டால் இந்த அளவு சரி.

கேள்வி: நான் கலந்தது ஆசுப்பத்திரி மாதிரி மணக்குது.

பதில்: தார் கூடிப்போச்சு. அதை எடுக்கேலாது. தார் இல்லாமல் அதே கலவையை நாலு மடங்கு செய்து, பழையதை அதுக்குள்ளை விடுங்கோ. மேலை எலுமிச்சை ஊத்தி மறைக்கப் பாக்காதேங்கோ. எலுமிச்சை கெதியாய்ப் பறந்திடும், தார் நிக்கும்.

கேள்வி: அரை மணித்தியாலத்திலை எனக்கு மணக்கேல்லை, பக்கத்திலை இருக்கிற ஆக்கள் மணக்குது எண்டினம்.

பதில்: ஐசோ ஈ சுப்பரின்ரை குணம் அது. மூக்கு பழகிப்போகும், பிறகு திடீரெண்டு திரும்பவும் தெரியும். ரெண்டு தரத்துக்கு மேலை அடிக்காதேங்கோ.

கேள்வி: நல்லூர்த் திருவிழாவுக்குப் போட்டுக்கொண்டு போகலாமோ?

பதில்: தாராளமாய். ஆனால் தோலிலை அடிச்சு, காய்ஞ்சாப் பிறகு வேட்டியைக் கட்டுங்கோ. தாரும் வெட்டிவேரும் வெள்ளைத் துணியிலை மண்ணிறக் கறை விடும்.