எழுதினால் துக்கம் ஆறுமா?

கேள்வி: என் கணவர் மாரடைப்பால் காலமாகி எட்டு மாதங்கள் ஆகின்றன. மனப்பாரம் குறையும் என்று மகள் ஒரு டைரி வாங்கிக் கொடுத்தாள். தினமும் படுக்கப்போகுமுன் எழுதுகிறேன். எழுதியபின் அழுகை கூடுகிறது, உறக்கம் வருவதில்லை. புரட்டிப் பார்த்தால் எல்லாப் பக்கங்களிலும் ‘ஏன் என்னை விட்டுப் போனீர்கள்’ என்பதே இருக்கிறது. அன்று காலை அவர் இரண்டாவது முறை காபி கேட்டபோது, சர்க்கரை கூடிவிடும் என்று மறுத்துவிட்டேன். அதை மட்டும் எழுதக் கை வரவில்லை. ‘புண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தால் எப்படி ஆறும்?’ என்கிறார் மாமியார். நிறுத்திவிடட்டுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நிறுத்த வேண்டாம்; எழுதும் நேரத்தையும் முறையையும் மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. (மகனைப் பறிகொடுத்தவர் அவர், அந்தக் கேள்வி அவருடைய புண்ணைப் பற்றியதாகவும் இருக்கலாம்.)

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தங்களை மிகவும் உலுக்கிய அனுபவத்தைப் பற்றி நாளொன்றுக்கு 15 நிமிடம் வீதம் 4 நாள்கள் எழுதினார்கள். எழுதி முடித்த உடனே அவர்களுடைய மனம் சோர்ந்தது. ஆனால் நடந்ததையும் அதையொட்டி எழுந்த உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த 6 மாதங்களில் மருத்துவரை நாடியது குறைவாக இருந்தது. எனவே எழுதியதும் அழுகை வருவது இயல்பே. ஆனால் அவர்கள் எழுதியது 4 நாள்கள்தான், 8 மாதங்கள் அல்ல. தவிரவும், அண்மையில் துணையை இழந்தவர்களிடம் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2002இல் இதைச் சோதித்தபோது, எழுத்து அவர்களுடைய துக்கத்தை விரைவாக ஆற்றியதாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் பொருந்தும் மருந்தாக இதை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் அதுவே.

இனி அந்தக் காபி. எனக்கு எழுதிய கடிதத்தில் அது இருக்கிறது, டைரியில் இல்லை. விடையில்லாத ஒரு கேள்வியையே இரவுதோறும் எழுதினால் மனம் செக்குமாடாகச் சுற்றும். அதற்குப் பதிலாக அன்றைய காலையை நடந்த வரிசையில் எழுதிப் பாருங்கள்: அவர் எங்கே உட்கார்ந்திருந்தார், எப்படிக் கேட்டார், நீங்கள் சொன்ன சொல் எது. அக்கறையால்தானே மறுத்தீர்கள் என்று நான் சொன்னால் அது வெறும் ஆறுதல் வார்த்தையாகவே நிற்கும். அதற்கு முன் எத்தனையோ காலைகளில் மறுத்ததையும், சில காலைகளில் மனமிரங்கி அரை டம்ளர் கொடுத்ததையும் நீங்களே எழுதும்போது, அந்த ஒரு காலை மற்றக் காலைகளோடு போய்ச் சேர்ந்துகொள்ளக்கூடும். ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை; தாங்கவில்லை என்றால் மூடி வைத்துவிடலாம்.

படுக்கையில் எழுதாமல் மாலையில், வாரத்தில் இரண்டு மூன்று நாள்கள், 20 நிமிடத்துக்கு மிகாமல் எழுதுங்கள். முடித்ததும் எழுந்து ஏதேனும் கைவேலை செய்யுங்கள். இழப்பை நினைப்பதும், அதிலிருந்து விலகி அன்றாடத்தைக் கவனிப்பதுமாக மாறிமாறிப் போவதே இயல்பான துக்கம் என்று ஸ்ட்ரோப், ஷட் என்னும் ஆய்வாளர்கள் 1999இல் விளக்கினார்கள். ஆகவே அவர் பார்த்துவந்த வங்கி வேலையை நீங்களே முதல்முறை முடித்த நாளும் டைரியில் இடம்பெறட்டும்.

உறக்கமின்மை நீடித்தாலோ, உயிரோடு இருப்பதே வீண் என்று தோன்றினாலோ டைரியை நம்பியிராமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416இல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

கேள்வி: தன் தம்பியை இழந்த என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருக்கு இதில் வழி உண்டா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: உண்டு. கைப்பேசியில் பேசிப் பதிவு செய்யலாம்; எழுத்துக்குப் பதிலாகப் பேச்சை வைத்தும் இத்தகைய ஆய்வுகள் நடந்துள்ளன. நம் ஒப்பாரியில் இறந்தவரை முறைசொல்லி விளித்து, அவர் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி அழுவார்கள் அல்லவா? அப்படியே ‘தம்பி’ என்று அழைத்துப் பேசட்டும். பொத்தானை அழுத்திக் கொடுத்துவிட்டு நீங்கள் வெளியே வந்துவிடுங்கள். அவர் கேட்காமல் அதைப் போட்டுக் கேட்காதீர்கள்.