சோத்தாங்கையால் ஒரு பதில்

கேள்வி: பிசான அறுப்பு நாளில் ஆச்சி பெரிய தவலையில் ஆக்கி வயலுக்குக் கொடுத்தனுப்பும் கூட்டாஞ்சாதத்தின் ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது. இப்போது பொங்கலுக்கு அண்ணன் தம்பி குடும்பமெல்லாம் சேர்ந்தால் 20 பேர் ஆகிவிடுகிறோம். நான் செய்தால் சாதம் களியாகிறது, அடியும் பிடிக்கிறது. ஆனால் பருப்பு மட்டும் முழுசு முழுசாக நிற்கிறது. 20 பேருக்கு ஈஸியாகச் செய்ய வழி சொல்லுங்களேன்.
ஒரு வாசகி, பாவூர்ச்சத்திரம்

பதில்: கூட்டாஞ்சாதமா? பாவூர்ச்சத்திரத்தில் இருந்துகொண்டா?

உங்கள் ஆச்சி அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கவே மாட்டார். அவர் ஆக்கியது கூட்டாஞ்சோறு. சோறு என்று சொன்னால் நாகரிகக் குறைவு என்று யாரோ எப்போதோ கிளப்பிவிட்டார்கள், அன்றிலிருந்து பந்தியில் உட்கார்ந்தவர்கூட "கொஞ்சம் சாதம்" என்றுதான் கேட்கிறார். சரி, சாதம்தான் என்று முடிவு செய்துவிட்டால் முழுசாக மாற்றிவிட வேண்டாமா? முழுப் பூசணிக்காயைச் சாதத்தில் மறையுங்கள். ஒரு பானைச் சாதத்துக்கு ஒரு சாதம் பதம் பாருங்கள். முகத்துக்குச் சாதத்துக்கற்றாழை பூசிக்கொள்ளுங்கள். நூற்றுவரும் ஐவரும் மோதிய போரில் இரண்டு பக்கத்துக்கும் குறையில்லாமல் சோறு போட்டான் என்று புலவர் பாடிய சேரனை இனிமேல் பெருஞ்சாதத்து உதியன் சேரலாதன் என்று கூப்பிடுவோம். 20 பேருக்கே நீங்கள் முழிக்கிறீர்கள், அவன் இரண்டு படைக்கு ஆக்கிப்போட்டு வாங்கிய பட்டம் அது. அதிலும் கையை வைத்தாகிவிட்டது.

சோத்தாங்கை என்னாவது? நம் பக்கத்தில் வழி கேட்டுப் பாருங்கள். "நேரே போயி, சோத்தாங்கைப் பக்கம் திரும்பும். ஒரு வேப்பமரம் வரும், அதத் தாண்டி பீச்சாங்கைப் பக்கம் ரெண்டாவது வீடு." தப்பவே தப்பாது. சின்னப் பிள்ளைக்குக்கூட எந்தக் கை எதற்கு என்று தெரியும். கைப்பேசியில் பேசும் அந்தப் பெண்மணி "வலதுபுறம் திரும்பவும்" என்றதும் கார் ஓட்டுகிறவர் ஒரு நொடி யோசித்து, சாப்பிடுகிற கையை லேசாக அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்புகிறார். அந்த அசைவில் இருக்கிறது சோறு. "சாதாங்கைப் பக்கம் திரும்பும்" என்று சொல்லிப் பாருங்கள், ஊர் போய்ச் சேர மாட்டீர்கள்.

போன பொங்கலிலேயே இந்தப் பக்கத்தில் ஒரு சண்டை நடந்தது. "உங்கள் கூட்டாஞ்சோறும் எங்கள் சாம்பார் சாதமும் ஒன்றுதானே" என்று மதுரைக்கார வாசகர் ஒருவர் எழுதினார். ஒன்றில்லை. அது கொத்தமல்லி விதையும் மிளகாயும் வறுத்துத் திரித்த பொடியில், பெருங்காயத்தில் நிற்பது. இது பச்சைத் தேங்காயும் சீரகமும் மிளகாய் வற்றலும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கொரகொரவென்று அரைத்த அரைப்பில் நிற்பது. வறுப்பு கிடையாது, கொத்தமல்லி விதை கிடையாது. கடைசியில் முருங்கைக்கீரை விழும். அது விழாவிட்டால் பெயரை மாற்றிக்கொள்ளலாம்.

இனி உங்கள் தவலைக்கு வருவோம். கேள்வியிலேயே பதில் இருக்கிறது: சோறு குழைகிறது, பருப்பு வேகவில்லை. அரிசி, பருப்பு, காய், புளித்தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி அடுப்பை ஏற்றிவிடுகிறீர்கள். ஈஸி என்ற சொல்லுக்கு நீங்கள் கொடுத்த விலை அது. பருப்பையும் காயையும் இறுக்கிப் பிடித்திருக்கிற பெக்டின் என்ற பசை புளிப்பில் சுலபமாகக் கரையாது. புளி விழுந்துவிட்டால் பருப்பு அப்படியே முறைத்துக்கொண்டு நிற்கும். அது வேகட்டும் என்று நீங்கள் காத்திருப்பீர்கள். அரிசி காத்திருக்குமா? அது களியாகி அடியில் போய் உட்காரும், காந்தும். மாங்காயும் புளிப்புதான், அதை மறக்க வேண்டாம்.

இன்னொரு சந்தேகம், தண்ணீர். போர் போட்டு எடுக்கிற ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத் திட்டாமல் இந்த ஆசிரியருக்கு ஒரு இதழ் போகாது என்று ஒரு பெரியவர் எழுதியிருந்தார். உண்மைதான், இந்த இதழும் போகப் போவதில்லை. அந்த உப்புத் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தும் அதே பெக்டினைப் பிடித்து இறுக்கும். ஆற்றுத் தண்ணீரில் இருபது நிமிடத்தில் மலருகிற பருப்பு போர் தண்ணீரில் ஒரு மணி நேரமானாலும் மலராது. ஆப்பசோடா ஒரு சிட்டிகை போடுகிறவர்கள் உண்டு. வேகும், சோப்பு வாடையும் வரும். அதற்குப் பதிலாகப் பருப்புக்கு மட்டுமாவது குடிக்கிற தண்ணீரை வையுங்கள். இரண்டு வருடம் டப்பாவில் கிடந்த பருப்பு எந்தத் தண்ணீருக்கும் மசியாது.

அளவு சொல்கிறேன். 20 பேருக்குப் புழுங்கலரிசி 2 கிலோ, துவரம்பருப்பு அரைக் கிலோ, காய் எல்லாம் சேர்த்து இரண்டரைக் கிலோ. வெந்து இறக்கினால் தலைக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைய வரும், போதும். அம்பை 16 போலக் குண்டு அரிசி என்றால் பருப்போடு நன்றாகச் சேரும். பச்சரிசி வேண்டாம், இத்தனை பெரிய தவலையில் அது கண்ணை மூடித் திறப்பதற்குள் குழையும். தேங்காய் 2, சீரகம் 3 மேசைக்கரண்டி, மிளகாய் வற்றல் 20, சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி. மாங்காய் போட்டால் புளி 75 கிராம், இல்லாவிட்டால் 100. கல்லுப்பு 100 கிராமில் தொடங்கி, ருசி பார்த்துக் கூட்டுங்கள். தவலை 20 லிட்டர் கொள்ள வேண்டும், அதில் முக்காலுக்கு மேல் ஏறக் கூடாது.

தண்ணீரில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். நாலு பேருக்கு வைக்கிற கணக்கை அப்படியே ஐந்தால் பெருக்கினால் கஞ்சிதான் கிடைக்கும். பெரிய தவலையில் உள்ளே இருப்பதோடு ஒப்பிட்டால் ஆவியாகப் போவது குறைவு. அடுப்பை அணைத்த பிறகும் உள்சூட்டில் அது வெந்துகொண்டே இருக்கும். மொத்தமாக 9 லிட்டர் வையுங்கள்: ஏழரை லிட்டர் வேகவைக்க, ஒரு லிட்டர் புளி கரைக்க, அரை லிட்டர் அரைப்புக்கு. பக்க அடுப்பில் ஒரு லிட்டர் வெந்நீர் தயாராகக் கிடக்கட்டும். தேவைப்பட்டால் மட்டும் அது. பச்சைத்தண்ணீரை நடுவில் ஊற்றினால் கொதி அடங்கி, வேக்காடு கெடும்.

பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, மஞ்சள்தூளும் ஒரு கரண்டி எண்ணெயும் விட்டுக் குக்கரில் இரண்டு விசில். ஈஸிக்கு நான் கொடுக்கிற சலுகை அவ்வளவுதான். விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும், கூழாகக் கூடாது. அதைத் தவலையில் கொட்டுங்கள். பருப்பு வெந்த தண்ணீரும் அந்த ஏழரை லிட்டரில் சேர்த்திதான். கொதி வந்ததும், தனியாக ஊறவைத்த அரிசி. பத்து நிமிடம் கழித்து வாழைக்காய், சீனி அவரைக்காய் (கொத்தவரங்காய்தான்), முருங்கைக்காய். அரிசி முக்கால் பதம் வந்த பிறகு கத்தரிக்காய், மாங்காய், புளித்தண்ணீர், உப்பு. பச்சை வாடை போக ஏழெட்டு நிமிடம் ஆகும். பிறகு அரைப்பு. அது ஒரு கொதி வந்ததும், காம்பு இல்லாமல் உருவிய முருங்கைக்கீரை நாலு கைப்பிடி. கீரை மூன்று நிமிடத்துக்கு மேல் வெந்தால் நிறம் செத்துவிடும். சோற்றை எடுத்து நசுக்கினால் நடுவில் மயிரிழை போல வெள்ளை தெரிய வேண்டும். அந்தப் பதத்தில் அணைத்துவிடுங்கள். மூடி கால் மணி நேரம் வைத்தால் மிச்சத்தைச் சூடு பார்த்துக்கொள்ளும். 150 மில்லி தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுந்தம்பருப்பு, அரிந்த சின்ன வெங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் தெருவே வந்து எட்டிப் பார்க்கும். தொட்டுக்கொள்ளக் கூழ்வத்தலும் மோர் மிளகாயும் போதும். குழம்பு, பொரியல் என்று தனித்தனியாக ஒன்றும் வேண்டாம்.

அரைப்பு விழுந்த பிறகு தவலையை விட்டு நகரக் கூடாது. அகப்பை அடியைத் தொட்டுத் தொட்டு வர வேண்டும். காந்தல் வாடை மூக்கில் ஏறிவிட்டதா? உடனே அணையுங்கள், சுரண்டாதீர்கள். ஒரு சுரண்டலில் அந்த வாடை 20 பேர் இலைக்கும் போய்விடும். மேலே இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள், அடி அடியிலேயே கிடக்கட்டும்.

பொங்கல் நேரம் என்பதால் சிறுகிழங்கும் போடத் தோன்றும். போடுங்கள், வாழைக்காயோடு சேர்த்து, புளிக்கு முன்னால். அதன் தோலைக் கத்தியால் சீவ உட்கார்ந்தால் மாட்டுப்பொங்கல் வந்துவிடும். அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய சணல் சாக்கில் கொட்டி வாயைக் கட்டி, சொரசொரப்பான தரையில் இரண்டு பிள்ளைகளை விட்டு உருட்டித் தேய்க்கச் சொல்லுங்கள். தோலும் மண்ணும் சாக்கோடு போகும், கணுவில் ஒட்டியதை மட்டும் நகத்தால் கிள்ளினால் போதும். விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் கைப்பேசியைக் கீழே வைக்கவும் அது ஒரு வழி.

மிஞ்சினால் தவலையிலேயே மூடி வைக்காதீர்கள். தேங்காய் சேர்ந்த சோறு, உள்ளே மணிக்கணக்காகச் சூடு அடங்காது, விடிவதற்குள் ஊசிப்போகும். தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு, அன்றைக்கே ஃபிரிட்ஜில் வையுங்கள்.

மதுரை வாசகரே, நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். கொத்தமல்லி விதை வறுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், தடுக்கவில்லை. ஆனால் அது சாம்பார் சோறு.