விசைப்படகுகள் கரையேறும் மாதங்களில் படம் வரைய வருகிறவர்களுக்கு

பாம்பன் பக்கம் ஒரு மீனவக் கிராமத்தில் கோடைக்கு ஓவியர் ரெசிடென்சி (ஊரிலேயே தங்கி வரைகிற முகாம்) நடக்கிறது என்று சொன்ன நாளிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. நான் அங்கே இரண்டு கோடை தங்கி வரைந்தவள், அப்புறம் நாலு வருடமாக முகாமை ஒருங்கிணைக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, ராமநாதபுரத்தில் போய் மே மாதமா? டிசம்பரில் வைத்தால் என்ன?

கல்லூரி விடுமுறை ஒரு காரணம்தான் தம்பி. பெரிய காரணம் தடைக்காலம். மீன்கள் இனம் பெருக வேண்டும் என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மற்ற மாதங்களில் வந்தால் யாருக்கும் உங்களோடு உட்கார நேரம் இருக்காது, கரைக்கு வந்தால் தூக்கம், எழுந்தால் கடல். தடைக்காலத்தில்தான் படகைக் கரையேற்றி, பழுது பார்த்து, பெயிண்ட் அடித்துக்கொண்டு பகலெல்லாம் கரையில் இருப்பார்கள், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வரையலாம். ஆனால் அவர்களுக்கு அது லீவு இல்லை. வருமானம் நின்றுபோன இரண்டு மாதம். டீக்கு காசு கொடுப்பது உங்கள் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கலர் கொண்டு வரலாம்? எனக்கு வாட்டர்கலர்தான் கை வரும்.

கொண்டு வாங்க, ஆனால் உங்கள் ஊரில் போடுகிற மாதிரி போட முடியாது. வெயிலும் காற்றும் சேர்ந்து, ஒரு வாஷ் (தண்ணீர் கலந்த மெல்லிய கலர் பூச்சு) விரித்து முடிப்பதற்குள் முதல் ஓரம் காய்ந்து கோடு விழுந்துவிடும். அக்ரிலிக் தட்டிலேயே தோலாகிவிடும். ஆயில் காய நேரம் எடுக்கும், அதற்குள் மணல் வந்து ஒட்டிக்கொள்ளும் (ஒருவர் அதையே டெக்ஸ்சர் என்று சொல்லி சமாளித்தார், பார்க்க நன்றாகத்தான் இருந்தது). இங்கே நிலைத்து நிற்பது கரி, மை, அப்புறம் படகுக்கு அடிக்கிற எனாமல். எனாமல் ஹார்டுவேர் கடையில் சின்ன டப்பாவாகவே கிடைக்கும், படகுக்கு அடித்த மிச்சத்தைக் கேட்டாலும் கொடுப்பார்கள். கேன்வாஸை இரும்பு ஆணியில் அடிக்காதீர்கள், உப்புக் காற்றில் சீக்கிரமே துருக்கறை துணியில் இறங்கிவிடும். பேப்பரை மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். காலை ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை, சாயங்காலம் நாலுக்கு மேல், இவ்வளவுதான் வேலை நேரம். உச்சியில் மணல் வெள்ளையாகக் கண்ணைக் கூசும், நிழலே இருக்காது, எல்லாக் கலரும் வெளுத்த மாதிரி தெரியும். அப்போது தூங்குங்கள்.

வடகடல், தென்கடல் என்கிறார்களே, இரண்டும் வேறு வேறா?

வடகடல் பாக் நீரிணை, தென்கடல் மன்னார் வளைகுடா, நடுவில் மெல்லிய நிலம். தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டால் தென்கடல் சீறும், அதே நாளில் வடகடல் குளம் மாதிரி கிடக்கும். மழைக்காலத்தில் இது அப்படியே மாறிவிடும். தனுஷ்கோடிப் பக்கம் ஆண்கடல், பெண்கடல் என்றும் சொல்வார்கள். காலையில் ஒன்றையும் மாலையில் மற்றதையும் வரைந்து பாருங்கள், ஒரே நீலத்தை வைத்து இரண்டையும் போட முடியாது என்று புரியும். தனுஷ்கோடிக்குப் போனால் இருட்டும் முன் திரும்பிவிட வேண்டும், தங்க விட மாட்டார்கள். 1964 புயலில் இடிந்த தேவாலயத்தை வரையாத ஆள் இல்லை. நீங்களும் வரைவீர்கள், சரி, ஒன்றோடு நிறுத்துங்கள்.

சிற்பம் செய்கிறேன். கரையில் கிடக்கும் பவளப்பாறைத் துண்டுகளைப் பயன்படுத்தலாமா?

தொடவே தொடாதீர்கள். செத்து ஒதுங்கிய துண்டாக இருந்தாலும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும். இந்தப் பக்கம் 21 தீவுகள் சேர்ந்த கடல் தேசியப் பூங்கா இருக்கிறது, வனத்துறை தீவிரமாகவே பார்க்கும். அறுந்த நைலான் வலை, கயிறு, மிதவை, பனை மட்டை, ஓலை எல்லாம் வேண்டிய மட்டும் கிடைக்கும், நுங்கு சீசன் வேறு. ட்ரோனையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருக்கிறது.

பெண் பிள்ளையை அனுப்பலாமா? தண்ணீர், கழிப்பறை எல்லாம் எப்படி? (ஒரு அப்பா)

அனுப்பலாம் சார். பெண்களுக்குத் தனி வீடு, உள்ளேயே கழிப்பறை. குடிதண்ணீர் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குவதுதான், குளிக்க ஒரு நாளைக்கு இரண்டு வாளி. வேறு எந்த முகாமாக இருந்தாலும் இந்த இரண்டையும் முதலில் கேளுங்கள். சாப்பாடு ஊர்ப் பெண்கள் சமைக்கிறார்கள், அவர்களுக்குக் கூலி உண்டு. கருவாட்டு வாடை இரண்டு நாளில் பழகிவிடும்.

விண்ணப்பத்தோடு எந்த மாதிரி படங்கள் வைக்க வேண்டும்?

பத்து படம் போதும். கல்லூரி இறுதியாண்டில் செய்த பெரிய வேலையைவிட, அரைகுறையாக நின்ற ஸ்கெட்ச் நோட்டை ஆசையாகப் பார்ப்போம். "கடலோர மக்களின் துயரத்தைப் பதிவு செய்ய வருகிறேன்" என்று எழுதாதீர்கள், தயவு செய்து.

நான் மண்டபம் ஊர்க்காரன், அப்பா கடல் தொழில்தான். உள்ளூர்க்காரர்களையும் எடுப்பீர்களா?

உன்னை மாதிரி ஆட்களுக்குத்தான் இரண்டு இடம் ஒதுக்கியிருக்கிறோம் தம்பி, கட்டணமும் இல்லை. கல்லூரிச் சான்றிதழும் தேவையில்லை. ஒருநாள் வேலையை விட்டுவிட்டு ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனைக்குப் போய்ச் சுவரைப் பார். சேதுபதி ஐரோப்பியர்களைச் சந்திப்பதும், மராத்தியரோடு நடந்த சண்டையும் வரைந்திருக்கிறார்கள், கிட்டத்தட்ட முந்நூறு வருட வேலை. ஓவியம் மெட்ராஸில் இருக்கிற சமாச்சாரம் என்று யாராவது சொன்னால் அந்தச் சுவரைக் காட்டு.

ஊர்க்காரர்களை வரைய அனுமதி கேட்க வேண்டுமா?

கேட்க வேண்டும், வரைந்ததைக் காட்டவும் வேண்டும். என் முதல் கோடையில் கருவாடு காயவைக்கிற ஒரு ஆத்தாவை வரைந்து, அப்போது எனக்கிருந்த பழக்கப்படி முகத்தை வெறுமையாக விட்டேன். பார்த்துவிட்டு, "மீனுக்கெல்லாம் கண்ணு வச்சிருக்கே, எனக்கு மட்டும் ஏன் இல்ல?" என்று கேட்டது. பதில் சொல்லத் தெரியவில்லை. கண், மூக்கு எல்லாம் போட்டேன், மூக்குத்தி இடது பக்கம் இல்லை வலது பக்கம் என்று அதையும் திருத்தச் சொன்னது. படம் இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறது.