முட்டை நின்ற கோழியை மாற்றிக்கொள்ளலாமா?

கேள்வி: ஆறு மாதங்களுக்கு முன், "ஐந்து மாத விடைக்கோழிகள்" (முட்டையிடத் தொடங்கும் இளங்கோழிகள்) என்று சொல்லி ஒருவர் நான்கு கோழிகளை விற்றார். வந்த முதல் வாரமே பெரிய பெரிய முட்டைகளாக இட்டன. குழந்தைகள் பெயர் வைத்து வளர்க்கிறார்கள். இப்போது மூன்று வாரங்களாக முட்டை இல்லை. கழுத்திலும் மார்பிலும் இறகு கொட்டிப் பரிதாபமாக நிற்கின்றன. விற்றவர், "நோய் வந்துவிட்டது. தண்ணீரில் மருந்து கலந்து கொடுங்கள். இல்லையென்றால் கொஞ்சம் பணம் சேர்த்துக் கொடுங்கள், மாற்றித் தருகிறேன்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: மருந்தும் வேண்டாம், மாற்றவும் வேண்டாம்.

ஒரு கோழியைப் பிடித்து, இறகு கொட்டிய இடத்தை விலக்கிப் பாருங்கள். தோலிலிருந்து பென்சில் முனை போன்ற குருத்திறகுகள் வரிசையாக முளைத்துக்கொண்டிருந்தால், அது நோய் இல்லை. பழைய இறகை உதிர்த்துப் புதிது போடுகிறது, அவ்வளவுதான். தலையிலும் கழுத்திலும் தொடங்கி, உடல், இறக்கை, வால் என்று இறங்கும். முடிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். இறகு என்பது பெரும்பாலும் புரதம். அதைச் செய்யும் உடம்பு முட்டையை நிறுத்தத்தான் செய்யும். இந்தக் காலத்தில் புரதம் 18 முதல் 20 சதவீதம் உள்ள தீவனம் கொடுங்கள். குருத்திறகுக்குள் ரத்தம் ஓடும், தொட்டால் வலிக்கும். அதனால் கோழிகளைத் தூக்கிக் கொஞ்ச வேண்டாம் என்று குழந்தைகளிடம் சொல்லிவையுங்கள்.

இனி, நீங்கள் மகிழ்ச்சியாக எழுதியிருக்கும் ஒரு வரிக்கு வருகிறேன். முதல் வாரமே பெரிய முட்டையா? விடைக்கோழி முதன்முதலாக இடும் முட்டை சிறியதாகத்தான் இருக்கும். முழு அளவுக்கு வரப் பல வாரங்கள் பிடிக்கும். கோழி முதல் முறை முழுமையாக இறகு உதிர்ப்பதும் பொதுவாக ஒன்றரை வயதையொட்டித்தான். நீங்கள் சொல்லும் கணக்குப்படி உங்கள் கோழிகளுக்குப் பதினொரு மாதம்தான் ஆகியிருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், உங்களிடம் வயதைக் குறைத்துச் சொல்லி விற்றிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

வருத்தப்படாதீர்கள், கற்றுக்கொண்டிருந்த காலத்தில் நானும் இப்படி ஏமாந்திருக்கிறேன். சிவந்த கொண்டையைக் காட்டுவார்கள். பின்பக்கத்து இடுப்பெலும்புகளுக்கு நடுவே இரண்டு மூன்று விரல் வைத்துக் காட்டி, "பாருங்கள், இளங்கோழி" என்பார்கள். அது கோழி இப்போது முட்டையிடுகிறது என்பதற்கு அடையாளம், வயதுக்கு இல்லை. வயதைக் காலில் பாருங்கள்: இளங்கோழியின் கால் செதில் வழவழப்பாகப் படிந்திருக்கும், வயதான கோழிக்குத் தடித்துச் சொரசொரக்கும். முட்டைக்குத் தேதி அச்சிட்டு விற்கிறார்கள். முட்டையிடும் கோழி எப்போது பொரித்தது என்று ஒரு சீட்டுக்கூடத் தருவதில்லை. கேட்டால் சிரிக்கிறார்கள்.

"தினமும் ஒரு முட்டை" என்பதும் அதே வாயிலிருந்து வரும் பேச்சுதான். ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. அதில் சுமார் 20 மணி நேரம் ஓட்டுக்கே போகிறது. அதனால் இடும் நேரம் நாளுக்கு நாள் தள்ளிக்கொண்டே போய், ஒரு நாள் விட்டுப்போகும். முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு முட்டை குறைந்துகொண்டே வரும், கோழியோ இன்னும் பல ஆண்டுகள் இருக்கும். இதை விற்கும்போது யாரும் சொல்வதில்லை.

மருந்து என்று அவர் சொல்வது பெரும்பாலும் ஆன்டிபயாடிக். இறகு உதிர்வுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கொடுத்தால் குறிப்பிட்ட நாட்களுக்கு முட்டையைச் சாப்பிடக்கூடாது. அளவையாவது டப்பாவில் பார்க்கலாம் என்றால், ஆயிரம் கோழிகளுக்கு எத்தனை லிட்டர் என்று போட்டிருக்கும். நான்கு கோழி வைத்திருப்பவர் என்று ஒருவர் உலகத்தில் இருப்பதாகவே தயாரிப்பவர்களுக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு விலக்கு உண்டு, அதைக் கவனமாகப் படியுங்கள். இறகு போன இடத்தில் குருத்து எதுவும் வரவில்லை, தோல் சிவந்திருக்கிறது, கொண்டை வெளுக்கிறது, இரவில் கூட்டுக்குள் போக மறுக்கிறது என்றால் கோழியின் ரத்தம் குடிக்கும் செள் பூச்சியாக இருக்கலாம். பகலில் கோழியைப் புரட்டிப் பார்த்து "ஒன்றும் இல்லை" என்று விட்டுவிடுவார்கள், அதுதான் தவறு. அந்தப் பூச்சி பகலில் கோழிமேல் இருக்காது, கூட்டின் மர இடுக்குகளில் பதுங்கிக்கொள்ளும். இருட்டி இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் எடுத்துப் போய், கோழி உட்காரும் கட்டையின் அடிப்பக்கத்தை வெள்ளைத் தாளால் துடையுங்கள். தாளில் ரத்தக் கோடு விழுந்தால் சந்தேகமே வேண்டாம். அப்போது கோழிக்கு மட்டும் பொடி தூவிப் பயன் இல்லை. கட்டையைக் கழற்றி, இடுக்கு இடுக்காகக் கழுவி மருந்தடித்து, ஒரு வாரத்தில் மறுபடியும் செய்ய வேண்டும். பட்டினியாகவே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடிய பூச்சி அது. கூட்டைக் காலியாக வைத்தால் செத்துவிடும் என்று காத்திருக்காதீர்கள்.

கடைசியாக, அந்த மாற்று வியாபாரம். இறகு உதிர்த்து முடித்த கோழி பளபளவென்று, கொண்டை சிவந்து, விடைக்கோழி போலவே இருக்கும். இன்று உங்களிடம் பணமும் வாங்கிக்கொண்டு எடுத்துப்போகும் மொட்டைக்கோழியை, மூன்று மாதம் கழித்து இன்னொரு வீட்டில் "ஐந்து மாதம்" என்று விற்கலாம். உங்களுக்கு வந்த நான்கும் அப்படி வந்தவையாக இருக்கலாம். மீறி எதையாவது வாங்கினால், 30 நாட்கள் தனியே வைத்துவிட்டுப் பிறகு சேருங்கள். அவர் மறுபடி வந்தால், இறகு முளைத்த பிறகு வரச் சொல்லுங்கள்.