ஒரு மொபைல் போனுக்கு அதிகபட்சம் எவ்வளவு செலவு செய்வீர்கள்? வாங்கும்போது எதைப் பார்ப்பீர்கள்?

சிப்பக் கணக்கில், அதாவது நெல் மூட்டைக் கணக்கில், சொல்லட்டுமா, ரூபாயிலா?

எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே, கடைமடை. ஒன்பது மா நிலம், ஏறக்குறைய மூன்று ஏக்கர். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர ரொம்ப நாளாகும். அதனால் ஒரு போகம் சம்பாதான். கொள்முதல் நிலையத்தில் நெல்லை 40 கிலோ சிப்பமாகப் பிடிப்பார்கள். 2025 செப்டம்பரிலிருந்து பொது ரகம் குவிண்டால் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545. பொது ரகம் என்றால் சிப்பம் சரியாக ஆயிரம் ரூபாய். இந்த விலை வந்ததிலிருந்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. கடையில் எதன் விலையைப் பார்த்தாலும் கடைசி மூன்று சைபரைக் கண்ணாலேயே மறைத்துவிட்டுச் சிப்பமாகப் படிக்கிறேன். மிக்ஸி நாலு சிப்பம். பெரிய டிவி இருபத்தைந்து சிப்பம். 80,000 ரூபாய் போன் எண்பது சிப்பம். என் வயலில் ஒரு ஏக்கர் சுமாரான வருஷத்தில் தருவதே அறுபதுதான்.

அதுவும் மொத்த வரவு. உழவு, நடவு, உரம், களை, அறுப்பு மிஷின் வாடகை எல்லாம் போக மூன்றில் ஒரு பங்கு கையில் நின்றால் நல்ல வெள்ளாமை என்பேன். அப்படிப் பார்த்தால் 15,000 ரூபாய் போனுக்காக நான் நாற்பத்தைந்து சிப்பம் விளைவிக்க வேண்டும். முக்கால் ஏக்கர். ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: முக்கால் ஏக்கர், நாலு வருஷத்துக்கு ஒரு தடவை. அதற்கு மேல் போகமாட்டேன். ஒரு தடவை போனேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

எவ்வளவு என்பதை விட, எப்போது வாங்குகிறோம் என்பதில்தான் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் கவிழ்கிறார்கள். தீபாவளி ஆஃபர் என்று ஊரெல்லாம் பேனர் கட்டுவது ஐப்பசியில். ஐப்பசியில் சம்பாக்காரன் வீட்டில் என்ன இருக்கும்? இருந்த காசெல்லாம் சேற்றுக்குள் போயிருக்கும். யூரியாவுக்கு அலைகிற நேரம், மழை மூழ்கடிக்குமோ என்று வானத்தைப் பார்க்கிற நேரம். எங்களுக்குப் பணம் வருவது தை, மாசியில். அதுவும் நெல்லைப் போட்ட அன்றே வராது, அக்கவுண்டில் ஏற வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை சம்பளம் வாங்குகிற ஆளிடம் மாதாமாதம் ஐந்தாம் தேதி தவணை கேட்டால் என்ன ஆகும்?

என் தம்பி மகனுக்கு ஆனதைச் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் தீபாவளிக்கு 24,000 ரூபாய்க்கு ஒரு போன் எடுத்தான். "வட்டியே இல்ல பெரியப்பா, மாசம் ரெண்டாயிரந்தான்." அதுக்கு முன்னால என்னடா கட்டுன என்று கேட்டேன். முன்பணம், பைல் சார்ஜ், அவன் கேட்காமலே சேர்த்த ஒரு இன்சூரன்ஸ், எல்லாம் மெதுவாக வெளியே வந்தது. கார்த்திகைத் தவணை கடன் வாங்கிக் கட்டினான். மார்கழியில் கணக்கில் பணமில்லை. பணமில்லாமல் திரும்பியதற்கு வங்கி ஒரு அபராதம், பைனான்ஸ்காரர்கள் ஒரு அபராதம். அந்த நேரம் பார்த்து பி.எம். கிசான் 2,000 ரூபாய் ஏறியது, ஏறிய வேகத்திலேயே தவணைக்குப் போய்விட்டது. உரக்கடைக்கு வைத்திருந்த கணக்கு அது. தை மாதம் அடுத்த தவணையும் தப்பியதும் போனையே பூட்டிவிட்டார்கள். திரையில் பணம் கட்டு என்ற வாசகம் தவிர வேறொன்றும் வராது. கதிர் சாய்ந்து கிடக்கிறது, அறுப்பு மிஷின்காரர் நம்பர் அந்தப் போனுக்குள் இருக்கிறது. நெல்லை அறுத்தால்தான் தவணை கட்ட முடியும், தவணை கட்டினால்தான் மிஷினைக் கூப்பிட முடியும்! என் பட்டன் போனை வாங்கிக்கொண்டு போய், மிஷின் நின்ற இடத்துக்கே நேரில் தேடிப் போனான்.

வட்டியில்லாத் தவணை என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கியே 2013-ல் வங்கிகளுக்கு எழுத்து மூலம் சொல்லிவிட்டது. ரொக்கக்காரனுக்குக் குறைக்க வேண்டிய தொகையை உங்களுக்குக் குறைக்காமல் விடுவார்கள், அல்லது பைல் சார்ஜில் ஏற்றுவார்கள். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. தவணை பேசி முடித்த பிறகு, "ரொக்கமா இப்பவே தர்றேன், எவ்வளவு கொறைப்பீங்க?" என்று கேளுங்கள். குறைக்கிறார்களே, அதுதான் வட்டி.

மாதச் சம்பளக்காரர்களுக்கு நான் புத்தி சொல்லவில்லை. உங்களுக்கு ஒன்றாம் தேதி வந்தால் ஐந்தாம் தேதி கட்டலாம், உங்கள் பாடு. நான் மாசியில் வாங்குகிறேன். பொங்கல் கூட்டம் ஓய்ந்திருக்கும், கடைப் பையனுக்கு நின்று பேச நேரமிருக்கும், தீபாவளிக்கு வந்த மாடல் விலை இறங்கியிருப்பதையும் பல தடவை பார்த்திருக்கிறேன்.

வரம்பு மீறிய கதை 2020. பள்ளிக்கூடம் மூடி, பாடமெல்லாம் போனுக்கு வந்துவிட்டது. வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஒரு போன். ஒருத்தி மொட்டை மாடியில் சிக்னல் தேடுவாள், சின்னவன் தன் முறை எப்போது என்று படியில் உட்கார்ந்து அழுவான். அந்த ஏப்ரலில்தான் மொபைலுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 18 ஆகியிருந்தது. வாங்கியே ஆக வேண்டிய வருஷத்தில் வரியும் ஏறியது என்பதை நான் இன்னும் மறக்கவில்லை. அறுவடைக்கு ஏழு மாதம் இருந்தது. மனைவி தன் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள், கூட்டுறவு சங்கத்தில் வைத்து இரண்டு போன் எடுத்தோம். அடகு வைத்துப் போன் வாங்குங்கள் என்று நான் எழுதியதாக யாரும் பின்னூட்டம் போட வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனித்தேன்: நகைக்கடனுக்கு வருஷம் வரை தவணை உண்டு, தையில் நெல் போட்டு மாசியில் மீட்டுவிட்டோம், நடுவில் யாரும் எதையும் பூட்டவில்லை. எங்கள் பாட்டன் காலத்திலிருந்து அடகுக்கடை வயலின் நாள்காட்டிப்படி நடக்கிறது. பைனான்ஸ்காரர்களிடம் அந்த நாள்காட்டி இல்லை.

இனி எதைப் பார்ப்பேன் என்ற கேள்வி. கேமரா எனக்குப் பெரிதில்லை. இலையில் புள்ளி விழுந்தால் படமெடுத்து வேளாண் அலுவலருக்கு அனுப்பத் தெளிவாக இருந்தால் போதும். 5ஜி எங்கள் தெருவில் டீக்கடை வாசலில் மட்டும் வருகிறது, அதனால் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

நான் முதலில் போவது போன் கடைக்கு அல்ல, எதிரே இருக்கும் ரிப்பேர் கடைக்கு. "தம்பி, இந்த மாடலுக்கு காம்போ என்ன வெல? கையில வச்சிருக்கியா, ரிச்சி தெருவுலேர்ந்து வரணுமா?" காம்போ என்றால் டிஸ்ப்ளேயும் டச்சும் சேர்ந்தது. ரிச்சி தெரு சென்னையில் இருக்கும் எலக்ட்ரானிக் சாமான் சந்தை. போனின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காம்போ இருந்தால் அந்த மாடல் எனக்கு வேண்டாம். "சென்னைக்கு எழுதிப் போட்டா பத்து நாள்ல வரும்ணே" என்றாலும் வேண்டாம். விளம்பரத்தில் சொல்கிற எதையும் விட இந்த இரண்டு பதில்கள்தான் எனக்குப் பயன்பட்டிருக்கின்றன. சிங்கப்பூரிலிருந்து மச்சான் கொண்டுவந்த ஒரு போன் பீரோவில் தூங்குகிறது. பார்க்க ராஜா மாதிரி இருக்கும். டிஸ்ப்ளே போனதும் இங்கே சாமான் கிடைக்கவில்லை, அந்த வாரண்டி இங்கே செல்லாது என்று சர்வீஸ் சென்டரில் கையை விரித்துவிட்டார்கள்.

இரண்டாவது, தண்ணீர். டெல்டாவில் போன் சாகிற விதம் பெரும்பாலும் ஒன்றுதான். சட்டை மேல்பையில் இருக்கும், களை பிடுங்கக் குனிவோம், சேற்றில் விழும். எனக்கே மூன்று போயிருக்கிறது. ஐ.பி.67 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதித்திருக்கிறார்கள். ஆனால் அது புதுப் போனை நல்ல தண்ணீரில் வைத்துச் செய்த சோதனை, ஒருமுறை டிஸ்ப்ளே மாற்றிய போனுக்கு அதை நம்பாதீர்கள். விழுந்தால் உடனே அணைத்து, சிம்மை உருவி, துடைத்து, நிழலில் காற்றாட வையுங்கள். சார்ஜ் போட்டுப் பார்ப்பதுதான் போனைக் கொல்வது.

அரிசி மூட்டைக்குள் போடும் வைத்தியம் ஒன்று இருக்கிறது, நெல் விளைகிற ஊரில் இதைக் கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்க மறுக்கிறார்கள் என்று ரோட்டில் கொட்டிக் காய வைக்கிறோம். அதிலிருந்து அரைத்த அரிசி போனுக்குள் இருக்கும் தண்ணீரை இழுக்குமா? ஆப்பிள் நிறுவனமே அரிசியில் போடாதீர்கள், துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று எழுதியிருக்கிறது. அரிசியில் இரண்டு நாள் வைத்த என் இரண்டாவது போனின் சார்ஜிங் பின்னிலிருந்து ரிப்பேர் தம்பி ஊசியால் குருணை எடுத்தான்.

மூன்றாவது, எத்தனை வருஷம் அப்டேட் வரும் என்பது. இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். மலிவான போன் உடையாமலே செத்துப்போகும். வங்கி ஆப் ஒருநாள் இந்தப் போனில் ஓடாது என்று சொல்லிவிடும். 2025 ஜனவரியிலிருந்து ஆண்ட்ராய்டு 4.4-க்கு வாட்ஸ்அப் இல்லாமல் போனதே, அன்றைக்கு எங்கள் தெருவில் இரண்டு பெரியவர்கள் வெளிநாட்டுப் பிள்ளைகளின் முகம் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். கூகுளும் சாம்சங்கும் தங்கள் உயர்ந்த மாடல்களுக்கு ஏழு வருஷம் என்கிறார்கள். அந்த வாக்குறுதி என் முக்கால் ஏக்கருக்குள் வருகிற மாடல்களுக்கு இல்லை. நாலு வருஷம் கிடைத்தால் எடுப்பேன்.

பழைய போன் வாங்குவதில் தப்பில்லை. பில்லும் பெட்டியும் கேளுங்கள். நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. எண், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண் வரும், பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்பாருங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டதா என்பதும் தெரியும்.

பட்டன் போன் ஒன்று இன்னும் வைத்திருக்கிறேன் என்றேனே, அது அப்பாவுடைய நோக்கியா 1100. 2003-ல் வந்த மாடல், உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. அப்பா அதை வாங்கியது பேசுவதற்கு என்பதை விட டார்ச்சுக்காக. ராத்திரி மடை திருப்பப் போகும்போது வரப்பில் பாம்பு கிடக்கும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. தென்னை எல்லாம் படுத்துவிட்டது, எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர இருபத்திரண்டு நாள். ஜெனரேட்டர் வைத்திருந்தவர் போன் ஒன்றுக்கு 20 ரூபாய் வாங்கி சார்ஜ் போட்டார். பெரிய போன்கள் சாயங்காலத்துக்குள் செத்துவிடும். இது ஒரு தடவை ஏற்றினால் நாலைந்து நாள். பேட்டரியைக் கழற்றலாம், அதே பேட்டரி எங்கள் எஃப்.எம். ரேடியோவிலும் பொருந்தும். டவர் வந்த அன்று, உயிரோடு இருக்கிறோம் என்று தெருவே அந்த ஒரு போனில்தான் சொன்னது.

கேள்வியில் போன் மட்டும் கேட்டிருக்கிறீர்கள். நான் பார்த்த எலக்ட்ரானிக் சாமான்களில் போட்ட காசைத் திருப்பித் தந்தது எதுவென்றால் நீடாமங்கலம் பக்கம் இருக்கும் மச்சானின் மொபைல் ஸ்டார்ட்டரைத்தான் சொல்வேன். அவருக்குப் போர்வெல் இருக்கிறது. மும்முனைக் கரண்ட் நடுராத்திரி வந்தால் முன்பு கொல்லைக்கு ஓட வேண்டும். இப்போது ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம், படுத்த படுக்கையில் அந்த நம்பருக்கு அடித்தால் மோட்டார் ஓடும். ஒரே வயிற்றெரிச்சல், பேசவே தெரியாத அந்த மோட்டாருக்கும் டேட்டாவோடு சேர்த்து ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தார். 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்ட பிறகு டேட்டா இல்லாமல் பேச்சுக்கு மட்டும் பேக் வந்தது, இப்போது அதைப் போடுகிறார். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பட்டன் போனுக்கும் அதைக் கேட்டு வாங்குங்கள், கடைக்காரர்கள் தாமாகச் சொல்வதில்லை.

நான் இப்போது வைத்திருப்பது 2022 மாசியில் 14,000 ரூபாய்க்கு எடுத்தது. ஒரு காம்போ மாற்றியாகிவிட்டது. சார்ஜிங் பின் லூசாகி, ஒயரை ரப்பர் பேண்டால் சாய்த்துக் கட்டினால்தான் ஏறுகிறது. இந்தப் பதிலை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தடவை கழன்றது. இது மார்கழி, கதிர் இன்னும் பச்சை. பின் மாற்ற மன்னார்குடியில் கால் சிப்பம் கேட்கிறான். சனிக்கிழமை போகலாம் என்றிருக்கிறேன்.